போர்க்கால நாடாளுமன்றத்தில் எலினோர் ராத்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மக்களவையில் எலினோர் ராத்போன் ஆற்றிய உரைகளையும் எழுப்பிய கேள்விகளையும் பற்றி வாசகர்கள் பொதுவாகக் கேட்பவற்றுக்கு இங்கே விடை சொல்லப்பட்டுள்ளது.

எலினோர் ராத்போன் யார்?

1872 மே 12 அன்று லண்டனில் பிறந்தவர். லிவர்பூல் நகரத்தில் பல தலைமுறைகளாக வணிகம் செய்துவந்த, பொதுப்பணியில் பெயர் பெற்ற குடும்பம் அவருடையது. தந்தை வில்லியம் ராத்போனும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆக்ஸ்போர்டில் சோமர்வில் கல்லூரியில் படித்தார். 1909இல் லிவர்பூல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1929இல் மக்களவைக்குச் சென்று, 1946 ஜனவரி 2 அன்று இறக்கும் வரை உறுப்பினராகவே இருந்தார். போர் தொடங்கியபோது அவருக்கு வயது 67.

சர்ச்சில், ஆட்லி, பெவன் என்று எத்தனையோ பேர் இருக்க, இவரைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும்?

அவர்கள் பின்னால் ஒரு கட்சியோ ஆட்சியோ இருந்தது. ராத்போனிடம் இருந்தது கேள்வி கேட்கும் உரிமை மட்டுமே. அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நாடு உயிருக்குப் போராடிய வேளையில், யாருக்கும் வாக்களிக்க முடியாத அந்நிய அகதிகளுக்காக ஓர் உறுப்பினர் ஆறு ஆண்டுகள் விடாமல் அரசிடம் கணக்குக் கேட்டார். அகதிகளுக்கான உறுப்பினர் என்றே அவரை அழைத்தார்கள். அவருடைய பேச்சில் அலங்காரம் குறைவு. எத்தனை விசா, எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நாளில் எந்தக் கப்பல் என்று விவரங்களைக் கேட்டுக்கொண்டே போவதுதான் அவர் வழி. போர்க்கால விவாதங்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது இந்த வழிதான்.

கட்சி இல்லாமல் அவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்?

அன்றைய பிரிட்டனில் பல்கலைக்கழகங்களுக்கென்று தனித் தொகுதிகள் இருந்தன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் இருந்தன. மான்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ், டர்ஹாம், பர்மிங்காம் முதலிய ஏனைய ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் சேர்ந்து இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ராத்போன் அந்த ஒருங்கிணைந்த தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். வாக்குகள் அஞ்சலில் வந்தன. கட்சிக் கொறடாவின் கட்டளை இல்லை, உள்ளூர் முதலாளிகளின் நெருக்கடியும் இல்லை. பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாவதாக ஒரு வாக்கு என்பது நியாயமற்ற ஏற்பாடுதான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்ததும் சரியே. ஆனால் அந்த ஏற்பாடு தந்த சுதந்திரத்தை அவர் தமக்காகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலும் நாடாளுமன்றம் கூடியதா?

கூடியது. சில காலம் அருகிலிருந்த சர்ச் ஹவுஸ் கட்டடத்தில் கூடியது. 1941 மே 10 இரவு நடந்த விமானத் தாக்குதலில் மக்களவை மண்டபம் எரிந்து அழிந்தது. அதன்பின் பிரபுக்கள் சபையின் மண்டபத்தில் உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். பொதுத்தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையே ஆண்டுக்காண்டு சட்டம் இயற்றி நீட்டிக்கப்பட்டு 1945 வரை நீடித்தது. சில அமர்வுகள் இரகசியமாக நடந்தன. அவற்றுக்கு அவைக் குறிப்பு வெளியிடப்படவில்லை. ஆனால் கேள்வி நேரம் கைவிடப்படவில்லை. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அச்சில் ஏற வேண்டும் என்ற மரபு போரிலும் தொடர்ந்தது. ராத்போனின் பணி முழுவதும் நின்றது இந்த மரபின் மேல்தான்.

அவர் போரை எதிர்த்தவரா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஹிட்லரிடமும் முசோலினியிடமும் விட்டுக்கொடுத்துப் போகும் கொள்கையை 1930களில் இருந்தே அவர் எதிர்த்தார். அபிசீனியா, ஸ்பெயின், செக்கோஸ்லோவாக்கியா என்று ஒவ்வொன்றிலும் அரசைக் கண்டித்தார். 1937இல் அத்தால் சீமாட்டியுடனும் தொழிற்கட்சி உறுப்பினர் எலன் வில்கின்சனுடனும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று நிலைமையை நேரில் பார்த்துவந்தார். 1938இல் ஹிட்லரோடு செய்துகொண்ட மியூனிக் உடன்பாடு செக்கோஸ்லோவாக்கியாவைக் கைவிட்டபோது, அங்கிருந்து தப்ப வேண்டியவர்களுக்குப் பிரிட்டன் கடன்பட்டிருக்கிறது என்று அவர் கருதினார். அந்தக் கடனுணர்விலிருந்து பிறந்ததுதான் 1938 இறுதியில் அமைந்த நாடாளுமன்ற அகதிகள் குழு. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் விக்டர் கசலெட் அதன் தலைவர். ராத்போன் செயலாளர். போரை முழுமனதோடு ஆதரித்த ஒருவர், அந்தப் போரின் பெயரால் செய்யப்பட்டவற்றை எதிர்த்தார் என்பதுதான் சரி.

1940ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் விவாதம் என்பது என்ன?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

போர் தொடங்கியதும் பிரிட்டனில் இருந்த ஜெர்மானிய, ஆஸ்திரியக் குடிமக்களை விசாரித்து ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஏ பிரிவினர் சில நூறு பேர். அவர்கள் உடனே காவலில் வைக்கப்பட்டார்கள். ஆபத்தில்லாதவர்கள் என்று தீர்ப்பளிக்கப்பட்டுச் சி பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் 60,000 பேருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாஜிகளிடமிருந்து உயிர்தப்பி வந்த யூதர்கள். 1940 மே மாதம் ஹாலந்தும் பெல்ஜியமும் சில நாட்களில் வீழ்ந்தபோது, உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற அச்சம் பிரிட்டன் முழுவதும் பரவியது. ஏற்கெனவே விசாரித்துக் குற்றமற்றவர்கள் என்று விடப்பட்ட ஆண்களையும் காவல்துறை அதிகாலையில் வந்து அழைத்துப்போயிற்று. மொத்தத்தில் ஏறத்தாழ 27,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள்.

லிவர்பூலுக்கு அருகே ஹைட்டன் என்ற இடத்தில், கட்டி முடிக்கப்படாத நகராட்சிக் குடியிருப்பு ஒன்றைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரு முகாம் அமைத்தார்கள். பலர் ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். செய்தித்தாள், வானொலி தடுக்கப்பட்டன. கடிதங்கள் வாரக்கணக்கில் தேங்கின. கணவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று மனைவிக்குத் தெரியவில்லை. இன்னும் சிலர் கப்பலில் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படிக் கனடா நோக்கிச் சென்ற அரண்டோரா ஸ்டார் என்ற கப்பல் 1940 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டனில் நெடுங்காலம் வாழ்ந்த இத்தாலியர்கள். நாஜிகளை எதிர்த்து நாடு விட்டு வந்தவர்களும் அந்தக் கப்பலில் இருந்தது பிறகு தெரியவந்தது.

எட்டு நாள் கழித்து, ஜூலை 10 அன்று, மக்களவையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. பிரிட்டன் மீதான பெரும் விமானப் போர் தொடங்கிய நாளாக வரலாற்றில் குறிக்கப்படுவதும் அதே நாள்தான். ஜெர்மானியப் படை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நாடே காத்திருந்தது. அந்த நாளில் கசலெட், ராத்போன், ஜோசையா வெட்ஜ்வுட் போன்றவர்கள் எழுந்து ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களின் நிலையைப் பற்றிப் பேசினார்கள் என்பதை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரசின் தரப்பில் உள்துறைத் துணை அமைச்சர் ஆஸ்பர்ட் பீக் பதில் சொன்னார்.

ராத்போன் தரப்பின் வாதம் எளிமையானது. ஹிட்லருக்கு எதிராக இவர்களைவிட அதிகம் இழந்தவர்கள் யாருமில்லை. இவர்களை அடைத்துவைப்பதால் நாட்டின் பாதுகாப்பு கூடவில்லை. உதவத் தயாராக இருக்கும் அறிவும் உழைப்பும் முள்வேலிக்குள் வீணாகின்றன. அதோடு, எந்தத் தீங்கை எதிர்த்துப் போரிடுகிறோமோ அதன் சாயல் நம் மேலேயே படிகிறது. இவ்வளவும் கொள்கை. கொள்கையைச் சொல்லிவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. கடிதங்கள் ஏன் தேங்குகின்றன, மருத்துவ வசதி என்ன, குடும்பங்களைச் சேர்த்துவைக்க எப்போது ஏற்பாடு நடக்கும் என்று அடுத்தடுத்த வாரங்களில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த விவாதத்தால் ஏதாவது மாறியதா?

மாறியது. அதே ஜூலை இறுதியில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, விடுவிக்கத் தகுந்தவர்கள் என்று 18 வகையினரைப் பட்டியலிட்டது. போருக்குப் பயன்படக்கூடிய தொழிலறிஞர்கள், மருத்துவர்கள், நோயாளிகள் போன்றோர் அதில் அடங்குவர். பயனுள்ளவர் என்பதால் ஒருவரை விடுவிப்பது போதாது, குற்றமற்றவர் என்பதே விடுதலைக்குக் காரணமாக வேண்டும் என்று ராத்போனும் அவருடைய நண்பர்களும் வற்புறுத்தினார்கள். பட்டியல் படிப்படியாக விரிந்தது. 1941 கோடைக்குள் அகதிகளில் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். இந்த மாற்றத்துக்கு அச்சம் தணிந்ததும் ஒரு காரணம், செய்தித்தாள்களும் ஒரு காரணம். ஆனால் அரசை வாரந்தோறும் பதில் சொல்ல வைத்த சில உறுப்பினர்கள் இல்லாமல் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்காது என்பது என் கருத்து.

அமைச்சர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள்?

மரியாதையோடும் களைப்போடும். அவரோடு அவையில் அமர்ந்த ஹாரல்டு நிக்கல்சன் ஒரு காட்சியை எழுதிவைத்திருக்கிறார். நாடாளுமன்றத்தின் நடைக்கூடங்களில் ராத்போன் வருவதைக் கண்டதும் இளநிலை அமைச்சர்கள் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். ஒளிந்தவரிடம் ஒரு மனு இருந்தது, மனுவில் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்குரிய ஆள் எங்கோ ஒரு முகாமில் விசாவுக்காகக் காத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காட்சி முழுமையாகிறது.

1942 டிசம்பர் 17 ஏன் முக்கியமான நாள்?

ஐரோப்பாவின் யூதர்களை ஜெர்மனி திட்டமிட்டுக் கொன்றொழித்துவருகிறது என்பதை நேச நாடுகள் வெளிப்படையாக அறிவித்த நாள் அது. தொழிற்கட்சி உறுப்பினர் சிட்னி சில்வர்மேன் எழுப்பிய கேள்விக்கு விடையாக வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன் கூட்டறிக்கையை வாசித்தார். குற்றவாளிகள் தண்டனையிலிருந்து தப்ப மாட்டார்கள் என்றும் உறுதி கூறினார். அதன்பின் அவை முழுவதும் எழுந்து மௌனமாக நின்றது. அந்த அவையில் இப்படி நடப்பது மிக அரிது.

ஆனால் அறிக்கை, கொன்றவர்களைப் பிறகு தண்டிப்பதைப் பற்றிப் பேசியதே தவிர, இன்னும் உயிரோடிருப்பவர்களை இப்போது மீட்பதைப் பற்றிப் பேசவில்லை. ராத்போன் பிடித்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான்.

1943 மே 19 விவாதத்தில் அவர் என்ன சொன்னார்?

அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 19 முதல் பெர்முடா தீவில் பிரிட்டனும் அமெரிக்காவும் அகதிகள் பற்றி ஒரு மாநாடு நடத்தின. மாநாடு தொடங்கிய அதே நாளில் வார்சாவில் யூதக் குடியிருப்பின் எழுச்சி தொடங்கியது. மாநாட்டின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. வெளியிடத்தக்கவை அதிகம் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல், போலந்து யூதர்களின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த ஷ்முல் சிகெல்பாய்ம் மே 12 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மக்களவை கூடியது.

இங்கும் அரசின் தரப்பைத் தொடங்கிவைத்தவர் பீக். உண்மையான மீட்பு வெற்றியில்தான் இருக்கிறது, அதற்கு முன் செய்யக்கூடியது சொற்பம் என்பது அரசின் நிலை. கப்பல் இல்லை, எதிரி நாட்டிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவர வழி இல்லை, அதிகம் பேரை அனுமதித்தால் உள்நாட்டில் யூத வெறுப்பு வளரும் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

ராத்போன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார். தப்பி வருபவர்களை ஏற்கும் ஸ்பெயின், போர்ச்சுகல், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, துருக்கி போன்ற நடுநிலை நாடுகளுக்கு, போர் முடிந்ததும் இவர்களை நாங்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறோம் என்று நேச நாடுகள் உறுதி தர வேண்டும். விசா விதிகளைத் தளர்த்த வேண்டும். விசா கையில் இருந்தால்தான் எல்லைக் காவலர் வழிவிடுவார், விசா இல்லாதவரைத் திருப்பி அனுப்புவார். ஆகவே காகிதம் என்று அலட்சியமாகச் சொல்லப்படுவது அந்த எல்லையில் உயிராகவே இருக்கிறது. யூத வெறுப்பு வளரும் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் மக்களின் இரக்கத்தை அரசு குறைத்து மதிப்பிடுகிறது என்றார்.

உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனை அவர் நேருக்கு நேராகவே விமர்சித்தார். அகதிகளைப் பற்றிக் கேட்டாலே அது தமக்கு ஒரு தொல்லை என்பதுபோல மாரிசன் பதில் சொல்கிறார், கேட்பவர்கள் மேல் அவருக்குள்ள எரிச்சலை அகதிகள் மேல் இறக்கிவைக்கிறார் என்பது அவர் பேச்சின் சாரம். மாரிசனும் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர், கொடியவர் அல்லர். அப்படிப்பட்டவரிடமே இந்தப் போக்கு இருந்ததுதான் ராத்போனைப் புண்படுத்தியது.

பின்னாளில் திறக்கப்பட்ட அமைச்சரவை ஆவணங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விவரம் தெரியும். 1942 இறுதியில் நடந்த அமைச்சரவைக் குழுக் கூட்டத்தில், மேலும் 1,000 முதல் 2,000 பேருக்கு மேல் ஏற்க முடியாது, அவர்களையும் மான் தீவில் வைக்க வேண்டும் என்பதே மாரிசனின் நிலையாக இருந்தது. ராத்போனுக்கு அந்த ஆவணங்கள் கிடைக்கவில்லை. பதில்களின் தொனியை வைத்தே அவர் அதை ஊகித்திருந்தார்.

அவருடைய முயற்சியால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா?

தனித்தனி மனிதர்களுக்காக அவர் வாதாடிப் பெற்ற விசாக்களும் விடுதலைகளும் உண்டு. பெரிய அளவில் அரசின் கொள்கையை அவரால் மாற்ற முடியவில்லை. 1943 மார்ச்சில் அவர் முன்னின்று உருவாக்கிய, நாஜிக் கொடுமையிலிருந்து மீட்பதற்கான தேசியக் குழு 12 அம்சத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. 1944 ஜனவரியில் அமெரிக்கா போர்க்கால அகதிகள் வாரியம் அமைத்தபோது, பிரிட்டனும் அதுபோல ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அரசு மறுத்துவிட்டது. 1943 ஜூலையில் ஜிப்ரால்டரில் நடந்த விமான விபத்தில் கசலெட் இறந்தார். நெடுநாள் துணையாக இருந்தவரை இழந்த பின்னும் ராத்போன் கேள்விகளை நிறுத்தவில்லை. இதைத் தோல்வி என்று சொல்லலாம். ஆனால் தெரிந்திருந்தால் செய்திருப்போம் என்று யாரும் பிறகு சொல்லிவிட முடியாதபடி, தெரிந்திருந்தது என்பதற்கான சான்று அவருடைய கேள்விகளின் வழியே அச்சில் நிற்கிறது.

குடும்ப உதவித்தொகைக்கும் போருக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின்போது, போருக்குச் சென்ற சிப்பாய்களின் மனைவியருக்கு அரசு தந்த பிரிவுப்படியை லிவர்பூலில் வழங்கும் பணியை ராத்போன் ஏற்று நடத்தினார். பணம் நேராகத் தாயின் கைக்குப் போனபோது பிள்ளைகள் நிலை மேம்பட்டதை அங்கே பார்த்தார். பிள்ளைகளுக்கான உதவித்தொகையை அரசு தாயிடமே தர வேண்டும் என்று அன்று முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் பேசிவந்தார். சமூகப் பாதுகாப்பு பற்றி 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை குழந்தைகளுக்கான உதவித்தொகையைத் தன் திட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது.

1945இல் மசோதா வந்தபோது அதில் பணம் தந்தைக்கு உரியது என்று எழுதியிருந்தது. வாழ்நாள் முழுவதும் கேட்டுவந்த சட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்த நேரம் அது. மார்ச் 8 அன்று நடந்த இரண்டாம் வாசிப்பில், இந்த நிலையிலேயே இருந்தால் தாமே இதை எதிர்த்து வாக்களிப்பேன் என்று அவர் எச்சரித்தார். தாயைக் கணவனின் ஒட்டாகக் கருதும் சட்டம் தாய்மைக்கு அவமானம் என்பது அவர் வாதம். கொறடா கட்டளையின்றி உறுப்பினர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்ய அரசு இணங்கியது. பணம் தாய்க்கே என்று அவை திருத்தியது. ஜூன் 15 அன்று சட்டமானது. முதல் பிள்ளை நீங்கலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். முதல் தொகை 1946 ஆகஸ்டில் தாய்மாரின் கைக்கு வந்தபோது ராத்போன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

இந்தியாவைப் பற்றி அவர் நிலை என்ன?

இங்கே அவர் சறுக்கினார். இந்தியப் பெண்களின் வாக்குரிமை, குழந்தை மணம் ஆகியவற்றில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. 1932இல் இந்தியா வந்திருக்கிறார். முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயனோடு வாக்குரிமை பற்றிக் கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். ஆனால் 1941இல், போர் முயற்சிக்கு ஒத்துழைக்க மறுத்த இந்தியர்களைக் கடிந்து ஒரு திறந்த மடல் எழுதினார். இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியா போரில் இறக்கப்பட்டிருந்தது. நேரு உள்பட ஆயிரக்கணக்கானோர் அப்போது சிறையில் இருந்தார்கள்.

நோய்ப்படுக்கையில் இருந்த ரவீந்திரநாத் தாகூர் அந்த ஜூன் மாதம் பதில் எழுதினார். ஆங்கிலச் சிந்தனைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கலாம், ஆங்கில ஆட்சிக்கு அல்ல என்பது அதன் கருத்து. உணவின்றி மெலிந்த உடல்களையும், சில சொட்டுக் குடிநீருக்காகச் சேற்றைத் தோண்டும் கிராமத்துப் பெண்களையும் தாம் கண்டதாக எழுதினார். இரண்டு மாதத்தில் அவர் மறைந்தார். ஹைட்டன் முகாமில் இருந்தவரின் கோணத்திலிருந்து பார்க்கத் தெரிந்த ராத்போனுக்கு, டேராடூன் சிறையில் இருந்த நேருவின் கோணம் எட்டவில்லை. அவரை மதிக்கும் நான் இதை மறைத்து எழுத விரும்பவில்லை.

போர் முடிந்ததும் என்ன செய்தார்?

1945 இலையுதிர் காலத்தில், தோற்ற ஜெர்மனியின் மக்கள் பட்டினியால் சாகாதிருக்க உணவு அனுப்ப வேண்டும் என்று பதிப்பாளர் விக்டர் கோலன்ஸ் தொடங்கிய இயக்கத்தில் சேர்ந்தார். நாஜிகளை எல்லோருக்கும் முன்பே எதிர்த்தவர், ஜெர்மானியக் குழந்தைகளின் சோற்றுக்காகப் பேசியது அவருடைய கடைசி மாதங்களில்.

அவருடைய உரைகளை இன்று படிக்க முடியுமா?

முடியும். ஹன்சார்டு எனப்படும் பிரிட்டிஷ் அவைக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினர் பெயரையும் நாளையும் கொடுத்துத் தேடலாம். அந்தக் குறிப்புகளில் அவர் மிஸ் ராத்போன் என்றே குறிக்கப்படுகிறார். முதலில் 1940 ஜூலை 10, பிறகு 1943 மே 19, அதன்பின் 1945 மார்ச் 8 என்ற வரிசையில் படிக்கலாம். நீண்ட உரைகளோடு நின்றுவிடாமல், கேள்வி நேரத்தில் அவர் எழுப்பிய இரண்டு மூன்று வரித் துணைக் கேள்விகளையும் பாருங்கள். அமைச்சர் பொதுவாக ஏதோ சொல்லி அமரப் பார்ப்பார். அடுத்த வரியிலேயே அவர் எழுந்து, அப்படியானால் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்.